கத்திரி வெயில்: மருந்துக்கடையில் கேட்பதும் நான் சொல்வதும்

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தால் ஆனி முடிகிற வரை வெயிலைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பி, அப்புறம் ராத்திரி "முழுசாகச் சொல்லியிருக்கலாமே" என்று நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதனால் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் பேசியபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சிலது உடம்பைப் பற்றியது, சிலது ஊரைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"வெயில் எல்லா வருஷமும்தான் அடிக்குது. இப்ப என்ன புதுசா பயமுறுத்துறீங்க?"

கத்திரி புதிதில்லைதான். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரைக்கும் தாத்தா காலத்திலும் அடித்தது. பூமி மொத்தமாகவே சூடாகி வருகிறது என்பது ஒரு பக்கம். நம் தெரு மாறியது இன்னொரு பக்கம். ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், கொல்லையில் கிணறு, நாலு வாழை என்று இருந்த இடத்தில் இப்போது சுவரோடு சுவர் ஒட்டிய கான்கிரீட், முன்னால் சிமெண்ட் தரை, மேலே தகரக் கொட்டகை.

ஆட்களும் மாறிவிட்டார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். வீட்டில் எழுபதைத் தாண்டிய இரண்டு பேர், சில வீட்டில் ஒருவர்தான். ஒன்பது பேர் இருந்த வீட்டில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் மற்ற எட்டு பேருக்கும் உடனே தெரியும். இப்போது மறுநாள் பால்காரர் கதவைத் தட்டினால்தான் தெரிகிறது.

"டிவியில வெப்ப அலைங்கிறாங்களே, எத்தனை டிகிரி வந்தா வெப்ப அலை?"

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு இது. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37. இதைத் தொட்டால் மட்டும் போதாது, அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4-க்கு மேல் கூடினால் கடும் வெப்ப அலை. வழக்கம் என்னவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டால் வெப்ப அலைதான், 47-ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. பேப்பரில் "திருச்சியில் 104 டிகிரி" என்று போடுவது ஃபாரன்ஹீட், செல்சியஸில் அது 40. இதைக் குழப்பிக்கொண்டு கடையில் சண்டையே நடந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்தில் மே மாதத்தின் வழக்கமே சூடு. அதற்கு மேல் நாலரை டிகிரி ஏறினால்தான் "அலை" என்ற பெயர் கிடைக்கும். பெயர் கிடைக்காத நாட்களிலும் ஆட்கள் விழுகிறார்கள். அதனால் டிவி சொன்ன பிறகு ஜாக்கிரதையாக இருந்துகொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

"திருச்சியில 41, நாகப்பட்டினத்துல 37தான். கடலோரம் தப்பிச்சுது, இல்லையா?"

தப்பிக்கவில்லை. உடம்பு தன்னைக் குளிர்விக்கிற வழி வியர்வை. வியர்வை வழிவதால் குளிர்ச்சி வராது, அது காய்வதால்தான் வரும். கொடியில் போட்ட வேட்டி சீக்கிரம் காயாத நாளில் உங்கள் வியர்வையும் காயாது. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோரத்துக்கு 37-லேயே எச்சரிக்கை வைத்திருப்பது இதனால்தான். காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானி என்று ஒன்று உண்டு. அந்த அளவு 35-ஐத் தொட்டுவிட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆள்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்பது பழைய கணக்கு. 31-ஐ ஒட்டியே இளவட்டங்களுக்கும் உடம்புச் சூடு கட்டுக்குள் நிற்காமல் போகத் தொடங்குகிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

கடற்காற்று வந்தால் நாகையும் காரைக்காலும் கொஞ்சம் மூச்சு விடும். அது உள்ளே தஞ்சாவூர்ப் பக்கம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"எங்க அப்பா வெளியவே போறதில்ல தம்பி. அவருக்கு என்ன ஆகப்போகுது?"

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. வயல்வேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு வெயில் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள் வெக்கையில் 700-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையப் பேர் தனியாக இருந்த வயசாளிகள், திருட்டுப் பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காதவர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர். அங்கேயும் முதியவர்கள்தான் அதிகம். பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த நேரம். அதற்கப்புறம்தான் தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரை நகராட்சியில் பதிந்து வைத்து, எச்சரிக்கை வந்ததும் ஆள் போட்டு போன் செய்து கேட்கும் ஏற்பாட்டைப் பிரான்ஸ் கொண்டுவந்தது. சிகாகோவும் அப்படித்தான், 1999-இல் திரும்ப வெக்கை வந்தபோது வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள், சாவு வெகுவாகக் குறைந்தது. நகரம் மக்களைக் காப்பது என்றால் நம்மில் பலருக்கு மரமும் பந்தலும்தான் ஞாபகம் வரும். எனக்கு இந்தப் பெயர்ப் பட்டியல்தான் முதலில் வரும்.

வயதானால் தாகம் எடுப்பது குறையும், வியர்ப்பதும் குறையும். "எனக்கு ஒண்ணும் பண்ணலை" என்று அப்பா சொல்வது பொய் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"பகல்கூடப் பரவால்ல, ராத்திரிதான் தூங்கவே முடியல. கிராமத்துக்குப் போனா நல்லா இருக்கே, ஏன்?"

கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி கக்குகின்றன. மேல்மாடியில் படுத்தால் பத்து மணிக்குக்கூட ஃபேன் காற்று அனலாக இறங்குவது அதனால்தான். அது மேல்தளம் விடுகிற மூச்சு. கிராமத்தில் மண்ணும் மரமும் திறந்த வெளியும் இருப்பதால் பொழுது சாய்ந்ததும் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. தெரு குறுகலாக, இரண்டு பக்கமும் மாடியாக இருந்தால் அது போக வழியில்லை. உடம்புக்கு இளைப்பாற ராத்திரிதான் நேரம். அதுவும் இல்லாமல் மூன்று நாள் தொடர்ந்தால் நாலாவது நாள்தான் கடைக்கு ஓடி வருகிறார்கள்.

"மொட்டைமாடிக்கு வெள்ளை அடிச்சா நிஜமாவே குறையுமா, இல்ல பெயிண்ட் கம்பெனிக்காரன் விடுற கதையா?"

குறையும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு சூட்டையும் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பூச்சால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை இறங்கும் என்கிறார்கள். மேல்தளத்து அறைக்குத்தான் இந்தப் பலன், கீழ் வீட்டுக்காரர் எதிர்பார்க்க வேண்டாம். அகமதாபாத்தில் குடிசைப்பகுதி வீடுகளுக்கு இதை ஊர் அளவில் செய்தார்கள். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

விலை உயர்ந்த பூச்சுதான் வேண்டும் என்றில்லை. சுண்ணாம்பில் வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கோட் அடிக்கிறார்கள், அதுவும் வேலை செய்கிறது. மழையில் போய்விடும், தூசி படிந்தால் பலன் குறையும், அதனால் வருஷா வருஷம் மாசி கடைசியில் அடிக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் "ஓனர் செலவு பண்ண மாட்டேங்கிறார்" என்பார்கள். என் அனுபவத்தில் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளக் கேட்டால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

"அதுக்குப் பழையபடி மாடியில கீத்துக் கொட்டகை போட்டுட்டா போச்சே?"

குளிர்ச்சியைக் கேட்டால் கீற்றுக்கு ஈடு இல்லை, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊர்க்காரனாக என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. 2004 ஜூலை 16-இல் இங்கே பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள், கூரை கீற்று. அதற்கப்புறம் பள்ளிகளில் கீற்றுக்கூரையை எடுக்கச் சொன்னார்கள், அது சரியான முடிவு. ஆனால் பல இடங்களில் அதற்குப் பதிலாக வந்தது தகரமும் சிமெண்ட் ஷீட்டும். தீயிலிருந்து காப்பாற்றிவிட்டு அனலில் உட்கார வைத்தோம். அந்தக் கூரைகளுக்குத்தான் முந்தைய பதிலில் சொன்ன வெள்ளைப் பூச்சு முதலில் போக வேண்டும் என்பேன்.

வீட்டுக்குப் பச்சை நிழல்வலை கட்டலாம், மாடித்தரையிலிருந்து ஆளுயரம் விட்டுக் கட்டுங்கள், நடுவே காற்று ஓட வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் மாடித்தரையில் தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பதை விட்டுவிட வேண்டாம்.

"மரம் நட்டா எல்லாம் சரியாயிடும்தானே சார்?"

சரியாகும், பத்து வருஷம் கழித்து. கொலம்பியாவில் மெடெயின் என்ற நகரம் 2016-இலிருந்து சாலையோரமும் வாய்க்கால் ஓரமுமாக 30 பசுமைப் பாதைகள் அமைத்தது, 2 டிகிரி அளவுக்குச் சூடு இறங்கியது. அவர்கள் நட்டதோடு விடாமல், பராமரிக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். நம்மூரில் நடுவதற்கு விழா உண்டு, தண்ணீர் ஊற்றத்தான் ஆள் கிடையாது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரே ராத்திரியில் நிழல் போனது. தென்னை போனதை எல்லோரும் பணமாகக் கணக்குப் பார்த்தார்கள், அடுத்த சித்திரையில்தான் அது கூரைக்கு மேல் குடையாகவும் இருந்தது தெரிந்தது. சாலையை அகலப்படுத்தியபோது போன புளியமரங்களும் அப்படித்தான். வேம்பு, புங்கன், பூவரசு, இலுப்பை இதெல்லாம் இந்த மண்ணில் நிற்கும். முதலில் எங்கே நடுவது என்றால் ஆட்கள் காத்து நிற்கிற இடத்தில். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வாசல், பள்ளிக்கூட கேட். பைபாஸ் நடுத்திட்டில் அரளி வைத்தால் கார்களுக்கு அழகு, அவ்வளவுதான்.

"நம்ம ஊருல இத்தனை குளம் இருக்கு. அதுவே குளிர்ச்சி இல்லையா?"

தண்ணீர் இருந்தால். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று திருவாரூரைச் சொல்வார்கள். கமலாலயக் கரையில் சாயங்காலம் நின்றால் வித்தியாசம் தெரியும். மன்னார்குடி ஹரித்ராநதியும் அப்படியே. ஆனால் மேட்டூர் திறக்கிற நாள் ஜூன் 12, அதுவும் தண்ணீர் இருக்கிற வருஷத்தில். 2024-இல் ஜூலை 28-தான் திறந்தார்கள். ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும் சித்திரை வைகாசியில்தான் வெயில் உச்சம், அதாவது டெல்டா டெல்டாவாக இல்லாத இரண்டு மாதம். குளத்துக்கு வருகிற வாய்க்காலை அடைத்துக் கட்டடம் கட்டியிருந்தால் ஜூனுக்கு அப்புறமும் அதே கதைதான். ஒட்டியிருக்கும் நாலு தெருவைத் தாண்டிக் குளத்தின் குளிர்ச்சி போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அகமதாபாத் அகமதாபாத்ங்கிறீங்களே, அங்க அப்படி என்னதான் செஞ்சாங்க?"

2010 மே மாதத்தில் அங்கே 46.8 டிகிரி போனது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று பிறகு கணக்குப் பார்த்தார்கள். 2013-இல் மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டது, தெற்காசியாவிலேயே அதுதான் முதல். 41-ஐத் தாண்டினால் மஞ்சள், 43-க்கு ஆரஞ்சு, 45-க்குச் சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் ஐஸ் இருக்க வேண்டும், எந்தப் பூங்கா மதியமும் திறந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல்தளத்தில், தார் பூசிய கூரைக்குக் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், வெக்கையால் சேர்க்கப்படும் பச்சைக்குழந்தைகள் குறைந்தார்கள். செலவு, கட்டிலைத் தூக்கி இறக்கியதுதான். மொத்தத் திட்டத்தால் ஆண்டுக்கு சுமார் 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

"நம்ம கவர்மெண்டு ஏதாவது செய்யுதா, மோர்ப் பந்தலோட சரியா?"

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல விஷயம்தான், ஆனால் இறந்ததற்குக் காரணம் வெப்பம் என்று பதிவில் வந்தால்தானே கேட்க முடியும்? நம் வீடுகளில் "வயசாயிடுச்சு, ஹார்ட் நின்னுபோச்சு" என்று சாயங்காலமே எடுத்துவிடுகிறோம். பதிவில் வராத சாவு திட்டத்திலும் வராது.

மோர்ப் பந்தலைக் கேலி செய்யாதீர்கள், தண்ணீர்ப் பந்தல் வைப்பது இந்த மண்ணின் பழக்கம், போகிற வருகிறவர்களைக் காப்பாற்றுகிறது. திறப்புவிழா அன்று தர்பூசணியும் மூன்றாம் நாள் காலிப் பானையும் என்பதுதான் குறை. அதோடு, வீட்டைவிட்டு வராதவர்களுக்குப் பந்தல் உதவாது, அது மேலேயே சொன்ன கதை.

"குளுக்கோஸும் ஓஆர்எஸ்ஸும் ஒண்ணுதானே? எது விலை கம்மியோ அதைக் குடுங்க."

ஒன்றில்லை. குளுக்கோஸ் பவுடர் பெரும்பாலும் வெறும் சர்க்கரை. ஓஆர்எஸ்ஸில் உப்பும் பொட்டாசியமும் கணக்காக இருக்கும். பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டர், முழுப் பாக்கெட்டையும் போட வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் அளவு கெட்டுவிடும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று வாங்காதீர்கள். அந்தப் பெயரைப் பானங்கள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அவசரத்துக்கு வீட்டில் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சும்மா தாகத்துக்கு என்றால் நீர்மோரும் நீராகாரமும் போதும், என்னிடம் வாங்க வேண்டியதே இல்லை.

"வெயில்ல மயங்கிட்டாங்க, உடம்பு கொதிக்குது. காய்ச்சல் மாத்திரை குடுங்கண்ணே!"

தர மாட்டேன். இந்தச் சூடு காய்ச்சல் இல்லை, பாராசிட்டமால் இதைக் குறைக்காது. உடம்பு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை என்றால் அது வெப்பத்தாக்கு, உயிர் போகிற விஷயம். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும், இன்னொருவர் அந்த நிமிஷமே நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, புரையேறிவிடும்.

"பிபி மாத்திரை சாப்பிட்டா வெயில்ல தலை சுத்துது. ரெண்டு மாசம் நிறுத்திடவா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில பிபி மாத்திரைகள் நீரைப் பிரிய வைப்பவை, வெயில் காலத்தில் அவற்றால் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகலாம் என்பது உண்மை. மனநல மருந்துகளில் சிலது வியர்வையைக் குறைக்கும். ஆனால் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. பங்குனியிலேயே ஒரு தடவை போய்க் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவே ஈரமணல் போட்டு, அந்தச் சின்னப் பானைக்குள் வையுங்கள்.

"துபாய்ல இருக்க என் மருமகனுக்கு மத்தியானம் வேலையே கெடையாதாம். இங்க ஏன் அப்படி இல்ல?"

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் ஜூன் 1-லிருந்தே, காலை 10 முதல் 3.30 வரை. மீறினால் கம்பெனிக்குத்தான் தண்டனை. இங்கே கோடையில் வேலை நேரத்தை மாற்றச் சொல்லி அறிவுரை வரும், அறிவுரைக்கு யார் பயப்படுவார்கள்?

தினக்கூலிக்கு இரண்டரை மணி நேரம் நிறுத்தினால் கூலி போகும், அதனால் ஆட்களே ஒத்துக்கொள்வதில்லை. பருத்தி எடுக்கிறவர்கள் விடியற்காலையில் இறங்கிப் பதினோரு மணிக்குக் கரையேறுகிறார்கள், யாரும் சட்டம் போடவில்லை. கட்டட வேலையிலும் ஆறு மணிக்குத் தொடங்கினால் நடக்கும். சத்தம் போடாதே என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருக்க வேண்டும்.

"எல்லா வீட்டுலயும் ஏசி போட்டுட்டா இந்தப் பேச்சே இருக்காதே?"

ஏசியைத் திட்டுகிற ஆள் நான் இல்லை, நோயாளி இருக்கிற வீட்டில் ஒரு அறைக்காவது இருந்தால் நல்லதுதான். ஆனால் அது உள்ளே எடுத்த சூட்டைத் தெருவில்தான் விடுகிறது, குறுகல் சந்தில் எதிர்வீட்டு ஜன்னலில். கரண்ட் போனால் எல்லோருக்கும் ஒரே கதி. அறைக்குள் 40-ஐத் தாண்டினால் ஃபேனும் வெறும் அனல்தான் ஊதும், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒன்று முடியாவிட்டால் வார்டுக்கு ஒன்று. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம், நூலகம், சமுதாயக்கூடம், மதியம் 12 முதல் 4 வரை திறந்து தண்ணீரும் ஃபேனும் இருந்தால் போதும். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் கோயில் கல் மண்டபம், அது சரியாக அந்த நாலு மணி நேரம்தான் பூட்டிக் கிடக்கிறது. சந்நிதி நடை சாத்தட்டும், வெளி மண்டபத்தையாவது திறந்து வைக்கலாமே என்று பகுதி சபைக் கூட்டத்தில் கேட்டேன். சிரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

"பக்கத்து வீட்டுப் பாட்டி தனியா இருக்காங்க. தினம் போய்ப் பாத்தா தப்பா நினைக்க மாட்டாங்களா?"

"உசிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்று போனால் நினைப்பார்கள்தான். ஒரு டம்ளர் மோரோடு போங்கள், கருவேப்பிலை கேட்டுப் போங்கள். மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. காலையில் என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். நேற்று வரை பட்டென்று பதில் சொன்னவர் இன்று யோசித்தால், அல்லது பொழுது சாய்ந்தும் விளக்கைப் போடாமல் படுத்திருந்தால், சொம்புத் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தால், காத்திருக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, அவர் பிள்ளைக்குப் போன் போடுங்கள். தடுமாற்றம் அதிகமாக இருந்தால் முதலில் 108, பிள்ளைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் அப்படிப் பதினொரு பேர் பெயர் என் கடை நோட்டில் இருக்கிறது, பக்கத்தில் பிள்ளைகளின் நம்பர், சாப்பிடுகிற மாத்திரை. நாலு பேர் மாற்றுச்சாவியும் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பாட்டி சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார், மருமகள் வந்துவிட்டாளாம், ஆவணி வரைக்கும் இருப்பாளாம்.